மலைத்தோட்டத்தில் வேதத்தை ஆழ்ந்து படிக்க: கருவிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை

காலையில் பெரட்டு, பகலெல்லாம் கொழுந்து, மாலையில் எடை, பிறகு சமையல், பிள்ளைகளின் பாடம். கேமரன் மலைத் தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பத்துக்கு வேதத்தோடு உட்கார இரவில் அரைமணி நேரம் மிஞ்சினால் பெரிது. அந்த அரைமணி நேரத்தை வீணாக்காமல் இருக்க என்னென்ன வேண்டும், எதை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது என்பதை இந்த அத்தியாயம் வரிசையாகச் சொல்கிறது.

நீங்கள் போதகராக இருக்க வேண்டியதில்லை. இறையியல் கல்லூரி வாசலை மிதித்திருக்க வேண்டியதுமில்லை. தமிழ் வாசிக்கத் தெரிந்தால் போதும். மெதுவாக வாசிப்பவர்களுக்கும் கீழே வழி இருக்கிறது.

ஒரே ஒரு அளவுகோலை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கருவி உங்களை மறுபடி வேதப் பகுதிக்கே அனுப்பினால், அது நல்ல கருவி. வேதத்தை மூடிவைத்துவிட்டுத் தன்னையே வாசிக்கச் சொன்னால், அது இப்போதைக்கு வேண்டாம்.

## 1. வாங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய நான்கு கேள்விகள்

1. நீங்கள் எந்தச் சபை? மெதடிஸ்ட், லுத்தரன், ஆங்கிலிக்கன், பெந்தெகொஸ்தே சபையினர் பயன்படுத்தும் வேதாகமத்தில் 66 நூல்கள் இருக்கும். கத்தோலிக்கர் பயன்படுத்துவதில் 73 நூல்கள். கடையில் கேட்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். வாங்கிக்கொண்டு மலையேறிய பிறகு மாற்றுவது கஷ்டம்.

2. எந்தத் தமிழ் உங்களுக்கு எளிது? தமிழ்ப்பள்ளியில் படித்தவருக்குப் பழைய நடை பழகியிருக்கும். தேசியப் பள்ளியில் படித்த பிள்ளைக்குத் தமிழ் பேச வரும், வாசிப்பு தடுமாறும். வீட்டில் இருவருமே படிக்கப் போகிறீர்கள் என்றால் இருவருக்கும் ஏற்றதைப் பார்க்க வேண்டும்.

3. உங்கள் லயத்தில் கைத்தொலைபேசிக்கு இணைப்பு நிலையாகக் கிடைக்கிறதா? பள்ளத்தாக்கில் இருக்கும் வீட்டில் இணைப்பு வருவதும் போவதுமாக இருந்தால், இணையம் இல்லாமலே இயங்கும் கருவிதான் உங்களுக்கு உதவும்.

4. புத்தகத்தை எங்கே வைப்பீர்கள்? தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. பனியும் மழையும் மாறி மாறி வரும் இந்த ஊரில் காகிதத்துக்கு முதல் எதிரி ஈரம். இடத்தை முடிவு செய்துவிட்டுப் புத்தகம் வாங்குங்கள்.

## 2. முதல் கருவி: இரண்டு மொழிபெயர்ப்புகள்

விளக்கவுரையைத் தேடி ஓடுவதற்கு முன், ஒன்றுக்கு இரண்டாகத் தமிழ் மொழிபெயர்ப்புகளை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று உங்கள் சபையில் வாசிப்பது; மற்றொன்று நடையில் அதிலிருந்து விலகி நிற்பது. ஒரே பகுதியை இரண்டிலும் வாசிக்கும்போது, எந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும் என்பது தானாகவே தெரியும்.

இன்று கிடைப்பவற்றில் முக்கியமானவை:

- பழைய மொழிபெயர்ப்பு: ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் வந்தது. பெரும்பாலான புராட்டஸ்டண்டு சபைகளில் வாசிக்கப்படுவது இதுவே. மனப்பாடம் செய்த வசனங்களும் பாடல்களும் பிரசங்கங்களும் இதன் சொற்களில்தான் இருக்கும். தமிழில் உள்ள துணைநூல்கள் பலவும் இதை வைத்தே எழுதப்பட்டவை.
- திருவிவிலியம்: 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டு சபையினரும் சேர்ந்து உருவாக்கியது. இன்றைய தமிழ், வாக்கியங்கள் தெளிவானவை.
- எளிதில் வாசிக்கக்கூடிய பதிப்பு: 2008இல் வந்தது. சிறு வாக்கியங்கள். வாசிப்பில் தடுமாறும் இளையோருக்கு ஏற்றது.
- ஐ.ஆர்.வி. தமிழ்: 2019இல் வந்தது. பழைய மொழிபெயர்ப்பின் ஓட்டத்தை ஒட்டி, இன்றைய சொற்களில் அமைந்தது. இலவசமாகப் பகிரும் உரிமத்தோடு வெளியிடப்பட்டிருப்பதால் தரவிறக்கம் செய்யத் தயங்க வேண்டியதில்லை.

குறிப்பு: புராட்டஸ்டண்டு சபையினருக்குப் பழைய மொழிபெயர்ப்பும் திருவிவிலியமும் நல்ல சோடி. கத்தோலிக்கர் திருவிவிலியத்தை முதலாவதாக வைத்து, ஐ.ஆர்.வி.யை இரண்டாவதாக வைக்கலாம். இரண்டையும் அச்சில் வாங்கப் பணம் இல்லையென்றால், முதலாவது அச்சில் இருக்கட்டும், இரண்டாவது கைத்தொலைபேசியில் இருக்கட்டும்.

கவனிக்க: நூல்களின் பெயர்கள் மாறும். பழைய மொழிபெயர்ப்பில் ஆதியாகமம், திருவிவிலியத்தில் தொடக்கநூல். அங்கே யாத்திராகமம், இங்கே விடுதலைப் பயணம். அங்கே அப்போஸ்தலர் நடபடிகள், இங்கே திருத்தூதர் பணிகள். இரண்டு பொருளடக்கங்களையும் பக்கத்தில் வைத்து, பெயர்ப் பட்டியல் ஒன்றை ஒரே தாளில் எழுதி அட்டையின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். பிறகு தேடி நேரம் வீணாகாது.

1929இல் போ தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்தே தமிழர்கள் இந்த மலையில் கொழுந்து பறித்திருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் பாட்டன் பாட்டி காலத்து வேதாகமம் ஒன்று பெட்டிக்குள் இருக்கலாம். அதில் பிறப்பு, திருமணம், இறப்பு நாட்கள் எழுதியிருந்தால் அது குடும்பத்தின் ஆவணம். அதைப் பத்திரப்படுத்துங்கள், கோடு போட்டுப் படிக்க வேறொன்று வாங்குங்கள்.

## 3. வாங்கும் வரிசை

ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்காதீர்கள். ஒன்றைப் பழகிய பின் அடுத்தது.

படி 1: ஒத்துவாக்கியம் உள்ள வேதாகமம். ஒவ்வொரு வசனத்தோடும் தொடர்புடைய வேறு வசனங்களின் எண்களை ஓரத்திலோ அடியிலோ கொடுத்திருக்கும். வேதத்தை வேதத்தாலேயே விளங்கிக்கொள்ள இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. எழுத்தளவைக் கடையிலேயே திறந்து பாருங்கள். இரவு விளக்கில் வாசிக்கப் போகிறீர்கள். பொடி எழுத்து வேண்டாம்.

படி 2: கோடுபோட்ட நோட்டுப் புத்தகமும் பென்சிலும். இது இல்லாமல் மற்ற எதுவும் பயன்தராது. கெட்டி அட்டை போட்ட பெரிய நோட்டாக இருக்கட்டும். இடப்பக்கத்தில் கேள்விகள், வலப்பக்கத்தில் கண்டுபிடித்த பதில்கள்.

படி 3: சொல்லடைவு. கடையில் கன்கார்டன்ஸ் என்று கேளுங்கள். ஒரு சொல் வேதாகமத்தில் எங்கெல்லாம் வருகிறது என்று காட்டுவது இது. எந்த மொழிபெயர்ப்பை வைத்துத் தொகுத்தது என்று முதலில் பாருங்கள். பழைய மொழிபெயர்ப்புக்கான சொல்லடைவு திருவிவிலிய வாசகருக்கு உதவாது. தேடும் சொல்லே அதில் இருக்காது.

படி 4: வேதாகம அகராதியும் நிலப்படமும். நாணயம், எடை, பயிர், திருவிழா, அரசர்கள், ஊர்கள் பற்றிச் சொல்வது அகராதி. நிலப்படம் தனியாக வேண்டியதில்லை. பல வேதாகமங்களின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். அது இருக்கும் பதிப்பாகவே வாங்குங்கள்.

படி 5: ஒரே ஒரு விளக்கவுரை, அதுவும் நீங்கள் படிக்கும் நூலுக்கு மட்டும். மாற்கு படிக்கிறீர்களா? மாற்குக்கு ஒன்று வாங்குங்கள். முழு வேதாகமத்துக்கும் பத்துத் தொகுதி என்று தவணையில் வாங்கி அடுக்க வேண்டாம்.

படி 6: ஆய்வு வேதாகமம். வசனத்துக்குக் கீழேயே குறிப்புகள் அச்சிட்டிருக்கும். வசதியானதுதான், ஆனால் வேத வரியும் விளக்க வரியும் ஒரே பக்கத்தில் இருப்பதால் புதியவர்கள் இரண்டுக்கும் ஒரே அதிகாரம் கொடுத்துவிடுகிறார்கள். அதனால்தான் இதைக் கடைசியில் வைத்திருக்கிறோம். வாங்குமுன் முன்னுரையைப் படித்து, குறிப்புகளை எழுதியவர் எந்த மரபைச் சேர்ந்தவர் என்று பாருங்கள்.

## 4. கைத்தொலைபேசியைப் படிப்புக் கருவியாக்குதல்

எவை உதவும்?

- யூவெர்ஷன்: தமிழ் மொழிபெயர்ப்புகள் பலவற்றை ஒரே இடத்தில் வாசிக்க.
- பைபிள்.இஸ்: தமிழில் கேட்க. வாசிப்பில் தடுமாறுபவர், கண் மங்கிய பெரியவர், சமையலறையில் நிற்பவர் எல்லாருக்கும் உதவும்.
- பைபிள் ப்ராஜெக்ட்: ஒரு நூலின் அமைப்பைச் சில நிமிடங்களில் படம் வரைந்து காட்டும் காணொளிகள். தமிழிலும் உண்டு. ஒரு நூலைத் தொடங்குமுன் ஒருமுறை, முடித்தபின் ஒருமுறை பாருங்கள்.
- ஸ்டெப் பைபிள்: கேம்பிரிட்ஜில் உள்ள டின்டேல் ஹவுஸ் இலவசமாக வழங்குவது. எபிரேய, கிரேக்க மூலச் சொற்களைப் பார்க்க. முழுமையாகப் பயன்படுத்த ஆங்கிலம் தெரிய வேண்டும்.

எப்படித் தயார்படுத்துவது?

1. பட்டணத்துக்குப் போகும் நாளில், தானா ராத்தாவிலோ பிரிஞ்சாங்கிலோ வைஃபை கிடைக்கும் இடத்தில் உட்கார்ந்து செயலியைத் தரவிறக்குங்கள். உங்கள் கைத்தொலைபேசியின் அதிகாரபூர்வச் செயலிக்கடையிலிருந்து மட்டும் எடுங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் செயலிக் கோப்பைத் திறக்காதீர்கள்.
2. நீங்கள் தேர்ந்தெடுத்த மொழிபெயர்ப்பை இணையமின்றி வாசிக்கும்படி சேமியுங்கள். எல்லா மொழிபெயர்ப்புக்கும் இந்த வசதி இருக்காது, இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.
3. ஒலிப்பதிவுகள் அதிக இடம் பிடிக்கும். முழு வேதாகமத்தையும் இறக்காமல், இப்போது படிக்கும் நூலை மட்டும் இறக்குங்கள்.
4. கிளம்புமுன் விமானப் பயன்முறையைப் போட்டுச் சோதியுங்கள். அப்போதும் வசனம் திறந்தால்தான் லயத்திலும் திறக்கும்.
5. படிக்கும் நேரத்தில் விமானப் பயன்முறையிலேயே வையுங்கள். குடும்பக் குழுவின் செய்திகள் அரைமணி நேரம் காத்திருக்கலாம்.

தமிழில் தேடும்போது: சொல்லின் கடைசி எழுத்தை வெட்டிவிட்டுத் தேடுங்கள். ‘சம்பளம்’ என்று முழுதாகத் தட்டினால் ‘சம்பளத்தை’, ‘சம்பளத்துக்கு’ என்று வரும் இடங்கள் தப்பிவிடும். ‘சம்பள’ என்று தட்டினால் எல்லாம் வரும். இந்த ஒரு பழக்கமே உங்கள் தேடலை இரண்டு மடங்கு நம்பகமாக்கும்.

## 5. செய்து பார்ப்போம்: மத்தேயு 20:1–16

திராட்சத் தோட்டத்துக் கூலியாட்கள் பற்றிய உவமையை எடுத்துக்கொள்வோம். தோட்டத்தில் நாள்கூலி வாங்கியவர்களுக்கு இந்தக் கதையின் வலி சட்டென்று புரியும். நான்கு இரவுகளில் முடிக்கலாம்.

### முதல் இரவு: வேதாகமமும் நோட்டும் மட்டும்

1. பகுதியை மூன்று முறை வாசியுங்கள். ஒருமுறை வாய்விட்டு.
2. விளங்காதவற்றை இடப்பக்கத்தில் எழுதுங்கள். ஒரு பணம் என்பது எவ்வளவு? பதினோராம் மணி எந்நேரம்? கடைசியில் வந்தவர்களுக்கு ஏன் முதலில் கூலி கொடுக்கிறார்?
3. யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்று குறியுங்கள்.
4. வேறெதையும் திறக்காமல் நோட்டை மூடுங்கள். கேள்விகள் மறுநாள் கொழுந்து பறிக்கும்போது மனத்தில் ஓடட்டும்.

### இரண்டாம் இரவு: அடுத்த மொழிபெயர்ப்பும் முன்பின் பகுதியும்

1. பழைய மொழிபெயர்ப்பு மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி, பதினோராம் மணி என்கிறது. திருவிவிலியம் அவற்றை நம் கடிகாரப்படி காலை 9, பகல் 12, பிற்பகல் 3, மாலை 5 என்று தருகிறது. பகல் வெளிச்சத்தைப் பன்னிரண்டாகப் பிரித்த அக்காலக் கணக்கு விளங்கிவிட்டது. கடைசியில் வந்தவர்கள் ஒருமணி நேரம்தான் வேலை செய்தார்கள் என்பதை 12ஆம் வசனமும் உறுதி செய்கிறது.
2. அதிகாரம் பிரியும் இடத்தில் நிற்காமல் பின்னால் போங்கள். 19:27இல் எல்லாவற்றையும் விட்டு வந்த எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று பேதுரு கேட்கிறார். இந்த உவமை அந்தப் பேச்சின் தொடர்ச்சி.
3. 19:30ஐயும் 20:16ஐயும் அடுத்தடுத்து வாசியுங்கள். முந்தினவர், பிந்தினவர் என்ற ஒரே கருத்து உவமைக்கு முன்னும் பின்னும் நிற்கிறது.
4. 20:20–28ஐ வாசியுங்கள். செபதேயுவின் மனைவி தன் மகன்களுக்கு முதலிடம் கேட்கிறாள். சீடர்களுக்குள் யார் பெரியவர் என்ற போட்டிக்கு நடுவில்தான் இந்த உவமை வைக்கப்பட்டிருக்கிறது.

### மூன்றாம் இரவு: ஒத்துவாக்கியமும் சொல்லடைவும் அகராதியும்

1. ‘கூலி’ என்ற சொல்லைத் தேடுங்கள். லேவியராகமம் 19:13, உபாகமம் 24:15, யாக்கோபு 5:4 கிடைக்கும். ஏழைக் கூலியாளின் பணத்தை மறுநாள்வரை வைத்துக்கொள்ளக் கூடாது, பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்பது நியாயப்பிரமாணம். உவமையின் எஜமான் மாலையில் கூலி கொடுக்கச் சொல்வது அந்தச் சட்டப்படிதான்.
2. ‘சம்பள’ என்றும் தேடுங்கள். ஆதியாகமம் 31:7இல் தன் சம்பளத்தை லாபான் பத்துமுறை மாற்றினான் என்று யாக்கோபு சொல்கிறார். ஒரே பொருளுக்கு இரண்டு சொற்கள் இருந்தால் இரண்டையும் தேட வேண்டும்.
3. அகராதியில் தெனாரியம் பாருங்கள். பழைய மொழிபெயர்ப்பில் ‘பணம்’ என்று இருப்பது திருவிவிலியத்தில் ‘தெனாரியம்’. அது ரோமரின் வெள்ளி நாணயம்; ஒரு கூலியாளின் வழக்கமான ஒருநாள் கூலி. கடைசியில் வந்தவனுக்கும் அவன் குடும்பம் ஒருநாள் சாப்பிடப் போதுமான கூலி கிடைத்தது என்பது இப்போது தெரிகிறது.

### நான்காம் இரவு: உங்கள் சொற்கள், பிறகு விளக்கவுரை

1. பகுதி சொல்வதை உங்கள் சொந்தச் சொற்களில் மூன்று வாக்கியங்களில் எழுதுங்கள்.
2. அதற்குப் பிறகே விளக்கவுரையைத் திறங்கள். ஒத்துப்போகும் இடத்தில் சரி என்று குறியுங்கள். வேறுபடும் இடத்தில் வேத வரிகளுக்குத் திரும்பி, யார் சொல்வதற்கு அந்த வரிகள் இடங்கொடுக்கின்றன என்று பாருங்கள்.
3. உங்கள் முடிவை வேறு யாருமே சொல்லவில்லை என்றால், நீங்கள் எதையோ தவறவிட்டிருக்கலாம். போதகரிடம் கேளுங்கள்.
4. கடைசியாக, இது எனக்கு என்ன சொல்கிறது என்று எழுதுங்கள். எஜமான் என்றால் தோட்ட நிர்வாகம், காரியக்காரன் என்றால் கிராணி என்று உடனே பொருத்திவிடாதீர்கள். முதல் வசனமே இது பரலோக ராஜ்யத்தைப் பற்றியது என்கிறது. அடுத்தவருக்குக் கிடைத்த இரக்கத்தைப் பார்த்து நான் முணுமுணுக்கிறேனா என்பதே 15ஆம் வசனம் நம்மிடம் வைக்கும் கேள்வி. கூலி நியாயத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள உபாகமமும் யாக்கோபும் இருக்கின்றன. அவற்றைத் தனியாகப் படியுங்கள்.

வேறெந்தப் பகுதிக்கும் இதே வரிசைதான்: வாசிப்பு, ஒப்பீடு, முன்பின், தேடல், சொந்தச் சுருக்கம், விளக்கவுரை, வாழ்க்கை.

## 6. மூலமொழிக் கருவிகள் எப்போது?

ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890இல் வெளியிட்ட சொல்லடைவு, ஒவ்வொரு எபிரேய, கிரேக்கச் சொல்லுக்கும் ஓர் எண் கொடுத்தது. இன்றைய செயலிகளும் அந்த எண்களையே பயன்படுத்துகின்றன. மொழி தெரியாதவரும் எண்ணை வைத்து ஒரே மூலச் சொல் எங்கெல்லாம் வருகிறது என்று பார்க்கலாம்.

ஒரு வருடம் தமிழிலேயே ஒழுங்காகப் படித்த பிறகு இதைத் தொடங்குங்கள். ஒரு சொல்லுக்கு ஐந்து பொருள் கொடுத்திருந்தால், ஐந்தில் உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ள முடியாது. அந்த வாக்கியத்தில் எது பொருந்துகிறதோ அதுதான் பொருள்.

## 7. ஈரத்திலிருந்து புத்தகத்தைக் காப்பாற்ற

1. வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வைக்காதீர்கள். உள்சுவரில், சுவருக்கும் புத்தகத்துக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விடுங்கள்.
2. அடுப்புக்கும் துணி காயப்போடும் இடத்துக்கும் பக்கத்தில் வேண்டாம். நீராவி நேராகக் காகிதத்துக்குப் போகும்.
3. புத்தகங்களை நெருக்கி அடுக்காதீர்கள். காற்றுப் புக வேண்டும்.
4. வாரம் ஒருமுறை ஒவ்வொன்றையும் திறந்து பக்கங்களை விசிறுங்கள். தினமும் திறக்கும் புத்தகத்தில் பூசணம் எளிதில் பிடிக்காது.
5. காற்றுப் புகாத டப்பாவில் வைப்பதென்றால், புத்தகம் நன்றாக உலர்ந்த பிறகு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். ஈரமான புத்தகத்தை மூடிவைத்தால் பூசணம் இன்னும் வேகமாக வளரும்.
6. வேதாகமத் தாள் மெல்லியது. ஜெல் பேனாவும் ஒளிர் மார்க்கரும் மறுபக்கம் ஊறும். பென்சிலோ கலர் பென்சிலோ போதும்.

பூசணம் பிடித்துவிட்டால்: முதலில் அந்தப் புத்தகத்தைத் தனியே எடுத்துவிடுங்கள். வாயையும் மூக்கையும் மூடும் கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே, நிழலில் காற்றோட்டமாக உலர்த்துங்கள். நன்றாகக் காய்ந்தபின் மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். ஈரத்துணியால் துடைக்காதீர்கள், கறை பரவும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையைச் செய்யக் கூடாது.

## 8. எங்கே வாங்குவது?

- முதலில் உங்கள் சபை. போதகரின் அலமாரியில் இருக்கும் அகராதியை இரவல் வாங்கி ஒரு மாதம் பயன்படுத்திப் பாருங்கள். பயன்பட்டால் வாங்குங்கள்.
- மலேசிய வேதாகமச் சங்கம், பெட்டாலிங் ஜெயா. தமிழ் வேதாகமங்களுக்கு இங்கே விசாரியுங்கள். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே பொட்டலமாக வரவழைத்தால் அஞ்சல் செலவு குறையும்.
- சென்னை கிறிஸ்தவ இலக்கியச் சங்கம். தமிழ் இறையியல் நூல்களை நெடுங்காலமாக வெளியிட்டுவரும் பதிப்பகம். உறவினர் யாராவது தமிழ்நாட்டுக்குப் போனால் பட்டியலைக் கொடுத்தனுப்புங்கள்.
- முறையாகப் படிக்க விரும்பினால்: செரம்பானில் உள்ள செமினாரி தியோலோஜி மலேசியா, 1979இல் தொடங்கியது. தமிழிலும் இறையியல் பயிற்சி தருகிறது. வேலையை விடாமல் படிக்க வழியுண்டா என்று போதகர் மூலம் விசாரியுங்கள்.

குறிப்பு: தோட்டத்துச் சபையில் பொது அலமாரி ஒன்று தொடங்குங்கள். ஒரு குடும்பம் சொல்லடைவு, ஒரு குடும்பம் அகராதி, ஒரு குடும்பம் விளக்கவுரை என்று பிரித்து வாங்கினால் யாருக்கும் பாரமில்லை. எடுத்தவர் பெயரையும் தேதியையும் எழுத ஒரு நோட்டு வைத்துவிடுங்கள்.

## 9. அடிக்கடி நேரும் தவறுகள்

- விளக்கவுரையில் தொடங்குவது. பிறர் கண்டதை மனப்பாடம் செய்வதாக முடியும். சொந்தக் கேள்வி ஒன்றுகூடப் பிறக்காது.
- ஒரு வசனத்தை மட்டும் எடுப்பது. குறைந்தது அதற்கு முன்னும் பின்னும் ஓர் அதிகாரம் வாசியுங்கள்.
- செயலிகளைச் சேர்ப்பது. மூன்றுக்கு மேல் வேண்டாம். பயன்படுத்தாததை நீக்குங்கள்.
- தினதியான நூலைப் படிப்பு நூலாக நினைப்பது. அது காலை ஜெபத்துக்கு நல்லது. அதன் வேலை வேறு.
- கடினமான நூலில் தொடங்குவது. வெளிப்படுத்தின விசேஷத்தை முதலில் எடுத்துப் பாதியில் விடுவதைவிட, 16 அதிகாரமுள்ள மாற்கு நற்செய்தியை முடிப்பது மேல்.
- தனியாகவே முடித்துக்கொள்வது. மாதம் ஒருமுறையாவது இன்னொருவரிடம் நோட்டைக் காட்டுங்கள்.

## 10. பாதுகாப்பு

பணம். மறைந்த வெளிப்பாட்டைச் சொல்கிறேன், முதலில் இந்தக் கணக்கில் பணம் போடுங்கள் என்று யார் செய்தி அனுப்பினாலும் போடாதீர்கள். மொழிபெயர்ப்புகளும் அடிப்படைக் கருவிகளும் இலவசமாகவே கிடைக்கின்றன.

போதனை. ஒரு போதகரைச் சோதிக்க எளிய வழி உண்டு. அவர் காட்டும் வசனங்களை முன்பின் பகுதியோடு வாசியுங்கள். அப்போதும் அவர் சொன்ன பொருள் நிற்கிறதா? பிற சபைகளில் ஒருவருக்குமே உண்மை தெரியாது என்று சொல்பவரிடமிருந்து விலகி நில்லுங்கள்.

சட்டம். மலேசிய அரசியலமைப்பின் 11ஆவது பிரிவு நம் மதத்தைப் பின்பற்றும் உரிமையை நமக்குத் தருகிறது. அதே பிரிவு, முஸ்லிம்களிடையே பிற மதப் போதனையைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு அதிகாரம் தருகிறது; பகாங்கிலும் அத்தகைய சட்டம் உண்டு. தோட்டத்தில் பல நாட்டவரோடு வேலை செய்கிறோம். படிப்புக் குறிப்புகளையும் காணொளிகளையும் வேலைத்தளத்துப் பொதுக் குழுக்களில் அனுப்பாமல், சபைக் குழுவோடு நிறுத்துங்கள்.

உடல். மங்கிய விளக்கில் படுத்தபடி வாசிக்காதீர்கள். மேசை விளக்கு ஒன்று, நேராக உட்காரும் நாற்காலி ஒன்று. கண் சோர்ந்தால் கேட்பதற்கு மாறுங்கள். களைத்த நாளில் பத்து நிமிடம் போதும். தூக்கத்தை வெட்டிப் படித்தால் மறுநாள் சரிவில் கால் தவறும்.

## 11. முதல் வருடத் திட்டம்

| மாதம் | கருவி | பகுதி |
|---|---|---|
| 1–3 | ஒத்துவாக்கிய வேதாகமம், நோட்டு | மாற்கு |
| 4–6 | இரண்டாம் மொழிபெயர்ப்பு, கைத்தொலைபேசித் தேடல் | ரூத், யோனா |
| 7–9 | சொல்லடைவு, அகராதி | மத்தேயு 13, 18, 20, 25 அதிகாரங்களின் உவமைகள் |
| 10–12 | ஒரே ஒரு விளக்கவுரை | பிலிப்பியர் |

ஒவ்வொரு மூன்று மாத முடிவிலும் நோட்டைத் திருப்பிப் பார்த்து, பதில் கிடைக்காத கேள்விகளைத் தனித்தாளில் எழுதுங்கள். அடுத்து எந்தக் கருவி வேண்டும் என்பதை அந்தத் தாள் சொல்லும். நிலமும் ஊரும் பற்றிய கேள்விகள் மிகுந்திருந்தால் அகராதி. சொற்கள் பற்றியவை மிகுந்திருந்தால் சொல்லடைவு. கருத்து பற்றியவை மிகுந்திருந்தால் விளக்கவுரை. கடைக்காரரின் பரிந்துரையைவிட உங்கள் கேள்விகளை நம்பி வாங்குங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை:

- வீட்டில் இருக்கும் வேதாகமம் எந்த மொழிபெயர்ப்பு என்று முதல் பக்கத்தில் பாருங்கள்.
- உள்சுவரில் ஒரு தட்டை ஒதுக்குங்கள்.
- ஒரு நோட்டும் பென்சிலும் வாங்குங்கள்.
- வாரத்தில் நான்கு இரவுகளைக் குறித்து, வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்.
- மாற்கு முதல் அதிகாரத்தை மூன்று முறை வாசித்து, ஐந்து கேள்விகள் எழுதுங்கள்.

ஐந்தும் முடிந்தபிறகு கடைக்குப் போங்கள். அதற்குமுன் நோட்டுக்கும் பென்சிலுக்கும் தவிர ஒரு வெள்ளிகூடச் செலவிட வேண்டாம்.